நாவடியில் நிற்பவர்

மகளுக்கு மூன்றரை வயதாக இருந்தபோது அவளுடைய தொண்டையை நான் ஒரு நாளில் எத்தனை தரம் பார்த்தேன் என்பதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. காலையில் பல் தீட்டிய பிறகு ஒருதரம். சாப்பிட்ட பிறகு ஒருதரம். பாலர் பாடசாலையால் வந்ததும், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே இன்னொருதரம். வாசற்படியில் வெயிலுக்கு முகம் கொடுத்து அவளை நிற்க வைத்து, நான் முழங்காலிட்டு, "ஆ காட்டுங்கோ, குஞ்சு" என்பேன். அவளும் காட்டுவாள்.

இது ஒரு காய்ச்சலில் தொடங்கியது. எங்கள் ஊர் கிளிநொச்சிப் பக்கம் தர்மபுரம். அங்குள்ள சிகிச்சை நிலையத்தில் பார்த்தவர், டொன்சிலில் வெள்ளை படிந்திருக்கிறது என்று ஐந்து நாளுக்கு மருந்து தந்தார். "வெள்ளை குறையுதோ எண்டு ஒவ்வொரு நாளும் பாருங்கோ" என்றார். சொன்னதைச் செய்கிற ஆள் நான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். மருந்து முடிந்தது, வெள்ளையும் போனது, காய்ச்சலும் விட்டது. ஆனால் பார்ப்பதை நிறுத்தச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.

அந்த இடம் எனக்கு என் குசினியைப் போலப் பழகிவிட்டது. நடுவில் உண்ணாக்கு, விழப்போன தேன்துளி மனம் மாறி நின்றது போலத் தொங்கும். அதற்கு இரண்டு பக்கமும் வளைவுகள், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. இரண்டுக்கும் இடையில் உள்ள குழியில் டொன்சில், பழுத்த கொய்யாவின் உட்சதையைக் கிள்ளி வைத்தது போல. பின்சுவர் எப்போதும் ஈரமாக, குருமணல் ஒட்டியது போலச் சின்னச் சின்னப் புடைப்புகளோடு இருக்கும். அவள் "ஆ" என்றதும் மேற்கூரை எழும்பும், உண்ணாக்கு தன்னை உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும். நெடுநேரம் பார்த்தால் அது என் பிள்ளையின் வாய் என்பதே மறந்துபோகும். ஆட்கள் எழும்பிப் போன வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போலிருக்கும். ஒருவரும் இல்லை, ஆனால் அடுப்பு இன்னும் சுடுகிறது.

மருந்து முடிந்து நாலாம் நாள் காலை, அவள் வழமையைவிடப் பெரிதாக வாயைத் திறந்து நாக்கை வெளியே நீட்டினாள். அப்போது நாக்கின் பின்னால், அடியில் இருந்து ஒன்று எழும்பியது.

வெளிர் நிறம். விளிம்பு வளைந்து, இன்னும் விரியாத வெற்றிலைத் தளிர் நிமிர்ந்து நிற்பது போல. நின்று, என்னைப் பார்ப்பது போல ஒருகணம் நின்று, அவள் மூச்சை விட்டதும் நாக்குக்குப் பின்னால் இறங்கிப்போனது.

"இன்னொருக்கா காட்டுங்கோ."

காட்டினாள். ஒன்றும் இல்லை. பத்துத் தரம் காட்டினாள். கடைசியில் அலுத்துப்போய், "அம்மா, அது ஒளிச்சிட்டுது" என்றாள்.

நான் "அது" என்று ஏதாவது சொன்னேனா, அவளாகச் சொன்னாளா? இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.

என் மனதில் முதலில் வந்தது அட்டை. அதற்குக் காரணம் இருந்தது. மூன்று கிழமைக்கு முதல், வெக்கை தாங்காத ஒரு மத்தியானம், அவளை வாய்க்காலுக்குக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வாய்க்கால் தண்ணீரில் பிள்ளையை இறக்கவேண்டாம் என்று இவர், அவளுடைய அப்பா, பலதரம் சொல்லியிருக்கிறார். அன்று அவள் சிரித்துச் சிரித்து இரண்டு வாய் தண்ணீர் விழுங்கிவிட்டாள். நான் முதுகில் தட்டி, தலையைத் துவட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து, வாயை மூடிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் குளத்துத் தண்ணீர் குடித்துத் தொண்டையில் அட்டை ஏறியவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். களை பிடுங்கப் போன ஒருவர் வாய்க்காலில் குனிந்து குடித்தாராம். பிறகு பல நாள் இரத்தமாகத் துப்பினாராம். கடைசியில் தொண்டைக்குள் விரல் தடிப்பில் ஒன்று இருந்ததாம். நான் அந்த ஆளைக் கண்டதில்லை. கதையை மட்டும்தான் கண்டிருக்கிறேன்.

பின்னேரம் இவர் வந்ததும் வாய்க்கால் கதையை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். இவர் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்.

"ஒண்டும் இல்லையே."

"வடிவாப் பாருங்கோ. நாக்குக்குப் பின்னாலை."

"இஞ்சரும், பிள்ளையின்ரை வாய்க்குள்ளை இன்னும் கொஞ்சம் எட்டிப் பாத்தா அவள் மத்தியானம் சாப்பிட்ட புட்டும் தெரியும். விடும்."

நான் படம் எடுக்கத் தொடங்கினேன். நாற்பது படம் இருக்கும். எல்லாம் சிவப்பு, எல்லாம் கலங்கல். ஒன்றில் மட்டும் அடியில் வெளிறிய ஒரு கோடு. இவரிடம் காட்டினேன். "உது பல்லு" என்றார். பல்லு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் பார்க்கும்போதெல்லாம் அது பல்லுப் போலவும் தெரிந்தது.

அந்தக் கிழமைதான் மகள் "அவர்" என்று சொல்லத் தொடங்கினாள். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் வாயைப் பிளந்தபடி நிற்பாள். கூப்பிட்டால், "பொறுங்கோ, அவரைப் பாக்கிறன்" என்பாள். ஒருநாள் தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு, மிகச் சாதாரணமாகச் சொன்னாள்:

"அம்மா, நான் தண்ணி குடிக்கேக்கை அவர் படுக்கிறார்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. படுக்கிறார். பிறகு எழும்புறார்."

வெளியே வெயில் எரித்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் கோழி கிளறிக்கொண்டிருந்தது. எல்லாம் இருந்தபடியே இருந்தன. என் பிள்ளைக்குள் ஒருவர் படுத்து எழும்பிக்கொண்டிருந்தார்.

அன்றே உப்புத் தண்ணீரைக் கரைத்துக் கொப்பளிக்கக் கொடுத்தேன். அட்டைக்கு உப்பு ஆகாது. அதனால் கொஞ்சம் கூடப் போட்டேன், பிறகு இன்னும் கொஞ்சம். அவள் அதை விழுங்கிச் சத்தி எடுத்தாள். சத்தியை ஈர்க்கால் கிளறிப் பார்த்தேன். சோறும் பருப்பும்தான்.

அடுத்த நாள் வேலிக்கு அங்காலே இருக்கும் அக்காவிடம் போனேன். அவருடைய தாய்தகப்பன் மலையகத் தோட்டத்தில் இருந்து இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். பிள்ளைகளுக்கு உண்ணாக்கு விழுந்தால் அவரிடம்தான் கொண்டு போவார்கள். பெருவிரலில் உப்பும் மிளகுதூளும் தொட்டு, வாய்க்குள் விட்டு, தொங்குவதை மேலே அழுத்திவிடுவார். பிறகு உச்சிமயிரில் ஒரு கொத்தைச் சுற்றிப் பிடித்துச் சுண்டி இழுப்பார். "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டால் உண்ணாக்கு ஏறிவிட்டது என்று பொருள். நான் படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள் என்று அவருக்குத் தெரியும்.

"என்னா தங்கச்சி, படிச்சவங்க எல்லாம் நம்ம கடைக்கு வந்திருக்கீங்க?"

"பகிடி பண்ணாதேங்கோ அக்கா. பிள்ளைக்கு என்னவோ கிடக்கு."

"வா என் ராசாத்தி. வாயத் தொற. நல்லாத் தொற, அந்தக் கோழி உள்ள போற மாதிரி."

மகள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். சிரித்த வாயோடு அப்படியே அண்ணாந்தாள். வெயில் நேராக உள்ளே விழுந்தது. அது எழும்பியது.

அக்காவின் பெருவிரல் அவளுடைய உதட்டில் பட்டபடி நின்றது. சிரிப்பு முகத்தில் இருந்தது, கண்ணில் இல்லை. மெல்லக் கையை எடுத்துக்கொண்டார்.

"கண்டனீங்களே?" என்றேன். எனக்கு அழுகை வந்தது. பயத்தாலா, இன்னொருவர் கண்டுவிட்டதாலா?

"கண்டேன்."

"அட்டையோ அக்கா?"

"அட்டைன்னா கறுப்பால்ல இருக்கும். இது... தெரியல தங்கச்சி."

"உங்கடை விரலாலை எடுக்கேலாதோ?"

"மேல தொங்குறதுதான் எனக்குப் பழக்கம். இது கீழ இருந்துல்ல எந்திரிக்குது. நாக்குக்கு அந்தப் பக்கம் நான் கை வைக்கமாட்டேன். அது மூச்சுப் போற வழி. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இன்னிக்கே போ."

அவர் விரலில் இருந்த உப்பைத் துடைக்கவில்லை. கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினார், முழங்கை வரைக்கும். அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

அன்றே போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று இரண்டு வருடமாக யோசிக்கிறேன். அந்தக் கிழமை இரண்டு தரம் சிகிச்சை நிலையத்துக்குப் போய், "பிள்ளை சுகமா இருக்கிறா, அம்மாதான் நித்திரை கொள்ளவேணும்" என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தேன். மறுநாள் எங்கள் வயலுக்கு வெட்டு மெசின் வருவதாக இருந்தது, இவரை மறிக்க முடியாது. இவையெல்லாம் உண்மை. ஆனால் பெரியாஸ்பத்திரியில் முதலில் கேட்பது, பிள்ளை எங்கே என்ன தண்ணீர் குடித்தது என்பதாகத்தான் இருக்கும். அதற்கு நான் இவருக்கு முன்னால் பதில் சொல்லவேண்டும். அதுவும் உண்மை.

மறுநாள் காலை இவர் வயலுக்குப் போனபின், முள் எடுக்கிற சாமணத்தைச் சுடுதண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். பத்து நிமிடம். புத்தகத்தில் சொல்வது போல எல்லாம் சரியாகச் செய்தேன். வாசலில் பாயைப் போட்டு, அவளை என் மடியில் தலை வைத்துப் படுக்கவைத்தேன். கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தினேன்.

"பயப்பிடாதேங்கோ, நோகாது."

அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கின் அடி வரை காம்பு போனதும் அவளுக்கு ஓங்காளம் வந்தது. அதோடு அது எழும்பியது, முழுதாக, நான் ஒருநாளும் காணாத உயரத்துக்கு. நான் பிடித்தேன்.

மெத்தென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது காதுமடல் போல இருந்தது. உள்ளே குருத்தெலும்பு இருந்தது. இழுத்தேன், வரவில்லை.

அப்போதுதான் சத்தம் இல்லாததைக் கவனித்தேன். பிள்ளை அழவில்லை. வாய் திறந்திருந்தது, கண் திறந்திருந்தது, நெஞ்சு உள்ளுக்குப் போயிருந்தது. சத்தம் மட்டும் இல்லை. சாமணத்தை விட்டேன். அப்போதும் இல்லை. உதட்டோரம் நிறம் மாறியதைக் கண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முற்றத்துக் கோழி இரண்டு தரம் கொத்திய நேரம்தான். பிறகு, சேவல் உள்ளுக்குக் கூவினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு மூச்சு உள்ளே போனது. அந்த மூச்சுக்கு நாக்கின் பின்னால் அது துடித்தது. அடுத்த மூச்சுக்கும் துடித்தது.

அது வந்து குடியிருந்த ஒன்று இல்லை. அவளுடையது. அவளோடு பிறந்தது.

சாமணத்தின் நுனியில் நூல் போல இரத்தம். அவள் "அம்மா" என்றாள். குரல் கரகரத்து, யாரோ முதிர்ந்த மனுசியின் குரலாக இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். ஓட்டோ ஒன்று நின்றது. கிளிநொச்சி வரும்வரை அவளுடைய வாயோடு என் காதை வைத்துக்கொண்டு இருந்தேன்.

காது மூக்கு தொண்டைப் பகுதியில் இருந்த டொக்டர் என் வயதுப் பெண். மகளின் வாய்க்குள் எதையும் வைக்கவில்லை. முதலில் கண்ணை மூடி மூச்சின் சத்தத்தைக் கேட்டார்.

"என்ன நடந்தது?"

"மீன் முள்ளு குத்திப்போட்டுது, டொக்டர்."

பொய் அவ்வளவு வடிவாக வந்தது. எந்த மீன் என்று கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

தாதி மகளை அணைத்துப் பிடிக்க, டொக்டர் நூல் தடிப்பில் ஒரு கமராவை மூக்கு வழியாக விட்டார். பக்கத்தில் இருந்த திரையில் படம் வந்தது. அவர் மகளுக்குச் சொல்வது போல, ஆனால் எனக்கும் கேட்க, கதைத்துக்கொண்டே போனார்.

"இது மூக்குக்குப் பின்னாலை இருக்கிற அறை, மேல் அறை. இப்ப திரையைத் தாண்டி நடு அறைக்கு இறங்கிறம். இதுதான் வாயைத் திறந்தாத் தெரியிற இடம்."

நான் நாள்தோறும் வாசலில் நின்று எட்டிப் பார்த்த வீட்டுக்குள் பின்பக்கக் கதவால் போவது போலிருந்தது. உண்ணாக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியது. டொன்சில்கள் இரண்டும் பக்கச் சுவரில். நாக்கு எவ்வளவு நீளமான மிருகம் என்று அன்றுதான் கண்டேன். அதன் அடிப்பாகம் புடைபுடைப்பாக, கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. "மூச்சும் சாப்பாடும் ஒரே பாதையாலை போற இடம் இது மட்டுந்தான். இதுக்குக் கீழை ரெண்டும் பிரியும். பிரியிற வாசலிலை நிக்கிறது..."

நிற்கிறது. அதே வெற்றிலைத் தளிர். விளிம்பின் ஒரு பக்கம் சிவந்து கன்றியிருந்தது.

"குரல்வளை மூடி" என்றார்.

எனக்கு அந்தச் சொல் தெரியும். பத்தாம் பதினோராம் வகுப்பில் எத்தனை தரம் அந்தப் படத்தைக் கீறியிருப்பேன். தலையை நடுவால் பிளந்து, பக்கவாட்டில் வைத்த படம். அதில் அது ஒரு சின்ன வளைந்த கோடு. கோட்டுக்கு அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதி முழுப் புள்ளியும் வாங்கியவள் நான். ஆனால் ஒரு தாயும் தன் பிள்ளையைப் பக்கவாட்டில் பிளந்து பார்ப்பதில்லை. முன்னால் இருந்து வாய்க்குள் பார்த்தபோது எனக்கு அது யாரென்று தெரியவில்லை.

"சில சின்னப் பிள்ளையளுக்கு இது உயரத்திலை நிக்கும், வாயைப் பிளந்தால் தெரியும். இது நோய் இல்லை. வளர வளரக் கீழை போயிடும்."

அப்போது மகள் எச்சிலை விழுங்கினாள். திரையில் அந்த இலை மடிந்து விழுந்தது. எல்லாம் வெள்ளையானது. மறுபடி எழும்பி நின்றது.

"விழுங்கேக்கை இது மடிஞ்சு மூச்சுக்குழாயை மூடும்" என்றார் டொக்டர்.

தண்ணி குடிக்கேக்கை அவர் படுக்கிறார். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அல்லது, "தண்ணி குடிக்கேக்கை அது போகுதோ?" என்று முதல் நாள் நான்தான் கேட்டேனோ? கேட்டிருக்கலாம். ஒரு நாளில் அவ்வளவு கேள்விகள் கேட்டேன்.

டொக்டர் கமராவை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "முள்ளுக் காயம் இப்பிடி இராது, அம்மா. கிள்ளினது போல கிடக்கு."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தாதியின் மடியில் இருந்து அந்தக் கரகரத்த குரல் சொன்னது:

"அம்மா சாமணம் வைச்சவா."

டொக்டர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "எத்தினை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"ஒன்பது மணிபோலை."

"இது வீங்கினால் மூச்சுப் பாதை அடைபடும். நாளைக்குக் காலமை வரைக்கும் பிள்ளை இஞ்சை இருக்கவேணும். மூச்சிலை சத்தம் மாறினா உடனை கூப்பிடுங்கோ. வாய்க்குள்ளை பாக்க வேண்டாம். காதாலை கேளுங்கோ."

அப்படியே கேட்டுக்கொண்டு இருந்தேன். வார்டில் மற்றப் பிள்ளைகளின் அழுகை, தட்டுக்கள் விழும் சத்தம், மின்விசிறி. எல்லாவற்றையும் விலக்கி ஒரு மூச்சை மட்டும் கேட்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. சிலவேளை என் மூச்சை அவளுடையது என்று கேட்டு எழும்பினேன். கரண்டியால் தண்ணீர் கொடுத்தேன். ஒவ்வொரு மிடறுக்கும் அவர் படுத்தார், எழும்பினார். ஒவ்வொரு தரமும் எழும்பவேண்டுமே என்று காத்திருந்தேன்.

பின்னேரம் இவர் வயல் தூசியோடு வந்தார். சாமணத்தில் தொடங்கி, பின்னோக்கி எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் வாய்க்காலைச் சொன்னேன்.

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "நீர் வாய்க்காலுக்குப் போனது எனக்கு அண்டைக்கே தெரியும். பிள்ளையின்ரை சட்டையிலை பாசி கிடந்தது."

"ஏன் கேக்கேல்லை?"

"நீரே சொல்லுவீர் எண்டு பாத்தன்."

எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

வீங்கவில்லை. மறுநாள் வீட்டுக்கு விட்டார்கள். குரல் ஒரு கிழமையில் பழையபடி வந்தது. அக்கா வேலிக்கு மேலால் எட்டி, விசயம் கேட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டு, "மூச்சுக்குக் கதவாடி அது? நல்லவேள, நான் கை வைக்கல" என்றார். நான் கை வைத்ததை அவரிடம் சொல்லவில்லை.

பிறகு நான் மகளின் தொண்டையைப் பார்ப்பதில்லை. அவள் பெரிதாகச் சிரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சாமணம் எங்கே என்று நான் கேட்கவில்லை. இவர் எங்கோ கொண்டுபோய்ப் போட்டிருக்கவேண்டும். காலில் முள் ஏறினால் இப்போது ஊசியால்தான் எடுக்கிறார்.

ஆனால் அவள் விடவில்லை. சில நாள் கழித்து ஒரு காலை, வாசற்படியில் தகப்பனை முழங்காலில் இருத்திவைத்திருந்தாள். இவர் வெயிலுக்கு வாயைப் பிளந்துகொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்தார். அவள் நுனிக்காலில் நின்று உள்ளே பார்த்தாள்.

"அப்பாட்டை ஒருத்தரும் இல்லை" என்றாள்.

இவர் சிரித்து எழும்பிப் போனார். வளர்ந்தவர்களுக்கு அது கீழே போய்விடும் என்று டொக்டர் சொன்னதை அவளுக்குச் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் என் பக்கம் திரும்பிவிட்டாள்.

"இப்ப நீங்கள். ஆ காட்டுங்கோ, குஞ்சு."

நான் முழங்காலில் இருந்தேன். வெயில் கண்ணில் அடித்தது. வாய் திறக்கவில்லை. அவள் என் தாடையைச் சின்ன விரல்களால் பிடித்தாள்.

"பயப்பிடாதேங்கோ, நோகாது."

திறந்தேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். அவளுடைய மூச்சு என் நாக்கில் பட்டது. பிறகு என் வாயைத் தானே மெல்ல மூடிவிட்டு, விளையாடப் போனாள். என்ன கண்டாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.